20 பல் ஃப்ரீவீலும் ஆனிக் காற்றும்

எங்கள் மச்சான் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கிறார். போன வருசம் கம்பர்லாந்து என்கிற ஊரிலிருந்து பிட்ஸ்பர்க் வரை, ஏறக்குறைய 240 கிலோமீட்டர், சைக்கிளிலேயே வந்து சேர்ந்தார். நடுவில் ஒரு மலைத்தொடரே கிடக்கிறது. ஆனாலும் மூச்சு வாங்கவில்லை என்று போனில் பீற்றிக்கொண்டார். அதில் பாதிப் பெருமை பாதைக்குச் சேர வேண்டியது. பழைய ரயில் தடம் அது. ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அந்த மேட்டின் மேல் சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டி இறுக்கி, நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் தடம் போட்டவர்கள் மலையைச் சுற்றியும் குடைந்தும் 100 அடிக்கு 2 அடி கூட ஏறாமல் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தச் சலுகைதான் இன்றைக்கு மச்சானின் முட்டிக்குக் கிடைக்கிறது.

நம் நெல்லைப் பக்கம் அப்படி ஒரு பாதை இல்லை. இங்கே மீட்டர் கேஜ் போனதும் அதே மேட்டில் அகலப் பாதை போட்டுவிட்டார்கள், ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து திசையன்விளைக்கு பாரி கம்பெனி ஓட்டிய குட்டி ரயில் சுதந்திரத்துக்கு முன்பே நின்றுவிட்டது, அதைத் தேடிப் போவது தனி வேலை. ஓடுகிற தண்டவாளத்து ஓரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகலாமா என்றால் கூடாது. ரயில்வே நிலத்தில் அத்துமீறி நுழைவது சட்டப்படிக் குற்றம், உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

சரி, தடத்தில் ஓட்ட முடியாவிட்டால் தடத்தை ஒட்டி ஓட்டுவோம் என்று முடிவு செய்தேன். நெல்லையிலிருந்து தென்காசிக்கு ஆலங்குளம் வழியாகப் பேருந்தில் போனால் 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ரயிலில் போனால் 70ஐத் தாண்டும். ரயில் நேராகப் போகாமல் தாமிரபரணியோடு சேர்ந்து சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊர் ஊராக எட்டிப் பார்த்துவிட்டு, ஆழ்வார்குறிச்சி, கீழக்கடையம், பாவூர்சத்திரம் என்று வடக்கே ஏறித்தான் தென்காசி சேர்கிறது. அந்தச் சுற்றுதான் எனக்கு வேண்டியது. நான்குவழிச் சாலையில் கல் லாரிகளுக்கு நடுவே ஓட்ட எனக்குத் தைரியம் கிடையாது. செங்கோட்டை வரைக்கும் சேர்த்து 80 கிலோமீட்டர் ரயில் தூரம். இரண்டு முனைக்கும் உயர வித்தியாசம் 200 மீட்டருக்குள்தான். கணக்குப் போட்டால் 400 அடிக்கு ஓர் அடி. மச்சானுடைய பாதையை விடச் சாது.

அடுத்தது சைக்கிள். என் முன்னால் மூன்று இருந்தன.

மகனுடைய மலை சைக்கிள் ஒன்று. 21 கியர், முன்னும் பின்னும் ஸ்பிரிங், கட்டை கட்டையான டயர். நெல்லை டவுனிலிருந்து பேட்டை வரை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு மிதிக்கும் ஸ்பிரிங் அமுங்கி எழுந்தது. காலில் போடுகிற பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் தின்றுவிடுகிறது. தார்ச்சாலையில் டயர் வண்டு மாதிரி இரைந்தது. அதை அன்றைக்கே அவனிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று.

இரண்டாவது, அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கிய ஹைப்ரிட். மெலிந்த பெரிய சக்கரம், எடை குறைவு, எட்டு கியர். உண்மையைச் சொன்னால் நல்ல வண்டி. 20 கிலோமீட்டர் ஓட்டியதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதன் ட்யூப் வால்வு ஊசி மாதிரி இருந்தது. சாதாரண பம்பு அதில் உட்காராது. அந்த அளவு ட்யூப் வீரவநல்லூரில் கிடைக்குமா, ரவணசமுத்திரத்தில் கிடைக்குமா? வழியில் உள்ள நான்கு சைக்கிள் கடைகளில் நேரிலும் போனிலும் கேட்டேன். மூன்றில் இல்லை. நான்காமவர், "அதெல்லாம் டவுன்லதான் சார் கிடைக்கும்" என்றார். டவுனிலிருந்து கிளம்பிப் போகிறவனுக்கு அந்தப் பதிலால் என்ன பயன்?

மூன்றாவது அப்பாவின் கறுப்பு ஹெர்குலிஸ். 28க்கு ஒன்றரை அங்குல டயர், கம்பி பிரேக், கேரியர், இரண்டு கால் ஸ்டாண்டு. நான் குரங்குப் பெடல் போட்டுப் பழகியது இதில்தான். பின்கட்டில் விறகோடு விறகாக ஒன்பது வருசம் சாத்தியே கிடந்தது. இதற்கு ட்யூப் கேட்டால் நான்கு கடையிலும் இருந்தது. பால்ரஸ் (அச்சுக்குள் உருளும் இரும்புக் குண்டு), போக்ஸ் கம்பி, பிரேக் கட்டை எல்லாமே இருந்தன. பாதை தட்டையாக இருக்கும்போது கியர் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி சரியான அந்த வாதம் பிறகு என்னைக் கல்லிடைக்குறிச்சியில் படுக்கப் போட்டது.

ஓவராயில், அதாவது முழுசாகப் பிரித்துப் பூட்டுகிற வேலை, இரண்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. சக்கரம் இரண்டையும் கழற்றி, அச்சைப் பிரித்து, பழைய மண்ணெண்ணெய் டப்பாவில் எல்லாவற்றையும் ஊறப்போட்டேன். பழைய கிரீஸ் கருப்பட்டிப் பாகு காய்ந்த மாதிரி கெட்டியாக ஒட்டியிருந்தது. பின்சக்கர அச்சில் பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குல பால்ரஸ். ஒரு பக்கம் எட்டுதான் இருந்தது. ஒன்பதாவது எந்த வருசம் போனதோ, அப்பா அப்படியே ஓட்டியிருக்கிறார். பால்ரஸ் விலை அற்பம், அதனால் பழசைத் திரும்பப் போடாமல் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். பால்ரஸை அணைத்துப் பிடிக்கிற கூம்பு நட்டான கோனை இறுக்குவதில்தான் பொறுமை வேண்டும். அச்சு ஆடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிவிட்டால், கடைசியில் வால்வு இருக்கிற பக்கம் தானாகக் கீழே இறங்கி ஊசலாடி நிற்க வேண்டும். முதல் தடவை நடுவிலேயே நின்றது, இறுக்கம் அதிகம். மூன்றாவது தடவைதான் ஊசலாடியது.

செயினை அளக்க வீட்டு ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஓர் அடிக்குள் அரை அங்குலக் கண்ணி சரியாக 24 இருக்கும். ஓர் ஆணியின் நடுவில் ஸ்கேலை வைத்தால் அடுத்த 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் வரும். 12க்கு மேல் அரைக்கால் அங்குலம் தள்ளிப் போய்விட்டால் செயின் தேய்ந்துவிட்டது. என்னுடையது அதையும் தாண்டியிருந்தது. செயினை மாற்றினால் ஃப்ரீவீலையும், அதாவது பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரத்தையும், மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லின் மேல் புதுச் செயின் உட்காராது, அழுத்தி மிதித்தால் வழுக்கும். ஆனால் அந்த நேரத்தில் சிக்கனம் பார்த்து, அதே 18 பல் ஃப்ரீவீலைத்தான் புதிதாக வாங்கிப் போட்டேன். பெடலோடு சுற்றுகிற முன்பக்கப் பல்சக்கரத்திலோ 44 பல்.

பெடல் தண்டைப் பிடித்திருக்கிற காட்டர் பின் இரண்டும் வளைந்திருந்தன. புதுசு போட்டேன். ஒன்று மேலிருந்து கீழாகவும் மற்றது கீழிருந்து மேலாகவும் போக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது. அது எனக்குத் தெரியும். தெரியாத விசயம் ஒன்று இருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் எல்லாரும் சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்ற வேண்டும் என்று நினைத்துத் தாழ்த்தி வைக்கிறோம். பால்காரருக்கு அது சரி, வீட்டுக்கு வீடு நிற்கிறவர் அவர். 80 கிலோமீட்டருக்கு அது ஆகாது. பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். நான் மூன்று விரல்கடை உயர்த்தினேன். நிற்கும்போது ஒரு கால் விரல்தான் தரை தொடும். முதல் இரண்டு நாள் சந்தைப் பக்கம் தடுமாறி, பூக்காரம்மாவின் கூடையில் ஒரு முறை இடித்தும்விட்டேன். ஆனால் அந்த மாற்றத்துக்குப் பிறகு முட்டி வலி என்ற பேச்சே இல்லை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை டவுனிலிருந்து கிளம்பினேன். பேட்டை வரைக்கும் ராஜா மாதிரி போனேன். சேரன்மகாதேவியில் ஆற்றைத் தாண்டும்போது மணி ஏழு. அப்புறம்தான் காற்று ஆரம்பித்தது. மேற்கே மலையில் சாரல் பெய்கிற காலம், காற்று மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கி வருகிறது. காருகுறிச்சியைத் தாண்டியதும் சட்டை முதுகுப் பக்கம் பலூன் மாதிரி உப்பிக்கொண்டது. வயல்வெளியில் தடுக்க ஒன்றும் இல்லை. நடைபோகிற ஒரு பெரியவர் என்னை முந்தப் பார்த்தார். கல்லிடைக்குறிச்சி ரயில் நிலையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு மல்லாந்து படுத்தபோது, 35 கிலோமீட்டருக்கு மூன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனியிலேயே அம்மி மாதிரி இருந்த நான் நகரவில்லை. திரும்பி வர ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. காற்று தள்ளிக்கொண்டே வந்தது, பாதி வழி மிதிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் பிழை புரிந்தது. நான் மேட்டை மட்டும் கணக்குப் போட்டேன், காற்றைப் போடவில்லை. நம் சமவெளியில் மேடு என்றால் காற்றுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை, இரட்டிப்பானால் நான்கு மடங்காகிறது. காற்றில்லாத நாளில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முகத்தில் படுவது 15தான். எதிரே 15 வேகத்தில் காற்று அடித்தால் 30. எதிர்ப்பு நான்கு மடங்கு. 400க்கு ஒன்று என்று நான் பெருமையடித்த சரிவு இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

இரண்டு மாற்றம் செய்தேன். முதலாவது ஃப்ரீவீல். 44க்கு 18 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். 20 பல் போட்டால் ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பத்தில் ஒரு பங்கு இலகு. மணிக்கு இரண்டு கிலோமீட்டர் குறையும், ஆனால் இந்த வயதில் எனக்கு வேகம் வேண்டாம், கால் நிற்காமல் சுற்றினால் போதும். இரண்டு வாரம் முன்புதான் வாங்கிய 18 பல் ஃப்ரீவீலைக் கழற்ற நான் பட்ட பாடு தனிக் கதை. மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொண்டே போகும். ஸ்பேனர் வைத்து வீட்டில் திருகியதில் கைதான் உரிந்தது. கடைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? கழற்றுகிற சாவியை மேசை வைஸில் நிமிர்த்திப் பிடிக்கவைத்து, அதன் மேல் சக்கரத்தைப் படுக்க வைத்து, ரிம்மை இரண்டு கையாலும் பிடித்து லாரி ஸ்டீரிங் மாதிரி இடப்பக்கம் ஒரே திருப்பு. கடக் என்றது. சக்கரமே நெம்புகோல் ஆகிவிட்டது. 40 ரூபாய் கேட்டார், மறுபேச்சில்லாமல் கொடுத்தேன்.

இரண்டாவது மாற்றம் அதைவிடப் பெரியது, காசு செலவில்லாதது. பயணத்தைத் தலைகீழாக்கினேன். செங்கோட்டையில் தொடங்கி நெல்லையில் முடிப்பது. சரிவும் இறக்கம், காற்றும் முதுகில். இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவூர்சத்திரம், சுரண்டை பக்கம் நிற்கிற காற்றாலைகளைப் பார்த்தாலே போதும், சாரல் காலத்தில் அத்தனையும் மேற்கே முகத்தை வைத்துத்தான் சுற்றுகின்றன.

பெரியம்மா மகன் குட்டி யானை ஓட்டுகிறார். வாழைத்தார் ஏற்றச் செங்கோட்டைக்கு வெறும் வண்டியாகப் போகிற நாளில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு போனோம். "எண்பது கிலோமீட்டர் சைக்கிள மிதிக்கதுக்கா என் வண்டில ஏறுத?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். பதில் சொல்லத் தெரியவில்லை. பிரானூர் பார்டரில் ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு, அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மேற்கே ஆரியங்காவு, புனலூர் என்று மலைக்குள் போகிற தடமும் அழகுதான். 13 கண் பாலமும் குகைகளும் அதில்தான் இருக்கின்றன. ஆனால் அது ரயிலில் போய்ப் பார்க்கிற அழகு, ஒற்றை கியருக்கு ஆகாது.

ஆறேகாலுக்கு மிதிக்கத் தொடங்கினேன். தென்காசி வரை எட்டு கிலோமீட்டரும் யாரோ பின்னால் கேரியரைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. கோபுரம் தெரிந்த பிறகுதான் நான் ஒரு தடவைகூட அழுத்தி மிதிக்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. கீழப்புலியூர், பாவூர்சத்திரம். காய்கறிச் சந்தைக்கு வந்த வண்டிகளுக்கு நடுவே இறங்கி உருட்டினேன்.

பாவூர்சத்திரத்தில் தடம் தெற்கே திரும்புகிறது, நானும் திரும்பினேன். அங்கே இன்னொரு பாடம் காத்திருந்தது. அம்பாசமுத்திரம் வரை 20 கிலோமீட்டருக்கு மேல் பாதை தெற்குமுகம். காற்று முதுகிலிருந்து வலது தோளுக்கு மாறிவிட்டது. பக்கக் காற்று தள்ளாது, சாய்க்கும். லாரி ஒன்று பக்கத்தில் கடக்கும்போது சட்டென்று காற்று மறைந்து, நான் லாரிப் பக்கமே சாய்ந்தேன். அதற்குப் பிறகு பெரிய வண்டி வரும் சத்தம் கேட்டாலே ஓரமாக நிறுத்திவிடுவது என்று வைத்துக்கொண்டேன். கேரியரில் பையைக் குறுக்கே கட்டாமல் நீளவாக்கில் கட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் தேவலை.

ரயில்வே கேட் இருந்த சில இடங்களில் இப்போது கீழ்ப்பாலம். முந்தின இரவு சாரலில் ஒன்றில் முழங்கால் தண்ணீர். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தேன். ஹைப்ரிட்டின் அருமை அப்போதுதான் தெரிந்தது. அப்பாவின் வண்டி 20 கிலோவுக்கு மேல் இருக்கும். ஈர ரிம்மில் கம்பி பிரேக் பிடிக்காது என்பதையும் அதன் பிறகு ஒரு வளைவில் தெரிந்துகொண்டேன். ரிம் காயும் வரை பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே போக வேண்டும்.

கடையம் நெருங்கும்போது வலது பெடலில் டக் என்று ஒரு சத்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக். பாரதியார் 1918இல் விடுதலையாகி வந்து தங்கிய ஊர், செல்லம்மாவின் ஊர், நின்று பார்க்க வேண்டும் என்று திட்டமெல்லாம் போட்டிருந்தேன். பார்த்தது சைக்கிள் கடையைத்தான். கடை என்றால் புளியமரம், அதன் கீழே ஒரு பெட்டி, தண்ணீர்த் தொட்டி. எழுபது வயது இருக்கும் அவருக்கு. பெடலை ஒரு ஆட்டு ஆட்டினார்.

"காட்டர் பின்னு புதுசா?"

"ஆமா அண்ணாச்சி, நானே போட்டது."

"நட்டத் திருகித் திருகி உள்ள இழுத்திருக்கீக. நட்டு இழுக்கக் கூடாது தம்பி. அடிச்சு ஏத்தணும். நட்டு காவலுக்கு நிக்கதுதான்."

இதுதான் எனக்குத் தெரியாமல் போன விசயம். காட்டர் பின் ஒரு ஆப்பு. சுத்தியலால் அடித்து உட்காரவைத்த பிறகுதான் நட்டு, அதுவும் பின் திரும்ப வெளியே வராமல் இருக்க மட்டும். நட்டின் மரையை நம்பி இழுத்தால் முழுசாக உட்காராது, ஓட ஓடத் தளரும். அவர் பெடல் தண்டுக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து நிறுத்தினார். அந்த முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கிற பால்ரஸில் இறங்கிக் கப்பைக் கெடுத்துவிடும் என்றார். பின்னின் தட்டைப் பக்கத்தை அரத்தால் நான்கு இழுப்பு இழுத்தார். பிறகு மூன்றே அடி. சுத்தியல் சத்தம் முதலில் மந்தமாக இருந்து, மூன்றாவது அடியில் கணீரென்று மாறியது. "கேட்டீகளா? அந்தச் சத்தம் வாரவரைக்கும் அடிக்கணும்" என்றார். இடது பக்கத்தையும் கேட்காமலே செய்துவிட்டு, பத்து கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி ஒரு சுற்று பார்க்கச் சொன்னார். காசு வேண்டாம் என்றவரிடம் வற்புறுத்தி 50 ரூபாய் கொடுத்தேன்.

ஹைப்ரிட்டில் போயிருந்தால் இந்தக் காட்டர் பின்னே இருந்திருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதில் வேறு எது போயிருந்தாலும் அந்தப் புளியமரத்தடியில் தீர்ந்திருக்காது.

ரவணசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கீழ ஆம்பூர். சொன்னபடி ஆழ்வார்குறிச்சிக்கு அப்புறம் நட்டைப் பார்த்தேன், கால் சுற்று ஏறியது. அம்பாசமுத்திரத்தில் சாப்பாடு. ஆற்றைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சி வந்ததும் பாதை கிழக்கே திரும்பியது, காற்று திரும்ப முதுகுக்கு வந்தது. போன தடவை நான் படுத்துக் கிடந்த வேப்பமரத்தடியில் அன்றைக்கு அப்பளக் கட்டுகளை வைத்துக்கொண்டு ஓர் அம்மா ரயிலுக்குக் காத்திருந்தார். இறங்காமல் மணியடித்துவிட்டுப் போனேன்.

இடையில் கன்னடியன் கால்வாய் ஓரம் கொஞ்ச தூரம் கரையிலேயே ஓட்டிப் பார்த்தேன். மண்பாதை, மருதமர நிழல், கால்வாய் நிறையத் தண்ணீர். 28க்கு ஒன்றரை டயருக்கு அது சுகமான பாதை. டயர்க் காற்றை மட்டும் கல் மாதிரி இறுக்காமல், கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே அமுங்குகிற அளவுக்கு விட்டுக்கொள்ள வேண்டும். ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்க முடியாவிட்டாலும் இந்தக் கால்வாய்க் கரைகளை ஆக்கலாமே என்று அங்கே தோன்றியது. ஒரு கரையில் மாட்டுவண்டி எதிரே வந்ததும் யார் இறங்குவது என்ற பிரச்சினையில் அந்த யோசனை நின்றுபோனது. நான்தான் இறங்கினேன்.

வீரவநல்லூரில் பஞ்சர். கருவேல முள். ட்யூப் கையில் இருந்தது, ஆனாலும் கடை பத்தடியில் இருந்ததால் ஒட்டிக்கொண்டேன். காருகுறிச்சி, சேரன்மகாதேவி, ஆறு, பேட்டை. டவுனில் வீட்டு வாசலில் இறங்கும்போது மணி நாலரை. வழியில் உட்கார்ந்ததும் சாப்பிட்டதும் சுத்தியலடியும் எல்லாம் சேர்த்துத்தான்.

செலவையும் எழுதிவிடுகிறேன்: டயர், ட்யூப், செயின், இரண்டு ஃப்ரீவீல் (ஒன்று வீண்), பால்ரஸ், பிரேக் கட்டை, கூலி எல்லாம் சேர்த்து 2,640 ரூபாய். கழற்றிய 18 பல் ஃப்ரீவீல் பின்கட்டு ஆணியில் தொங்குகிறது. ஐப்பசிக்கு மேல் காற்று திசை மாறி வாடை அடிக்கும்போது செங்கோட்டைக்கு நேராகவே மிதித்துப் போகலாம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. மச்சானிடம் சொன்னேன். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது தானும் வருவதாகச் சொன்னார். அவருக்கு அந்த மலை சைக்கிள்தான்.